முட்டியளவு அலை

எங்கள் ஊரில் அலையின் உயரத்தை யாரும் உள்ளபடி சொல்ல மாட்டார்கள். வெளியூர்க்காரன் காரை நிறுத்தி "இன்னைக்கு அலை எப்படி?" என்று கேட்டால், கடல் கரையை விழுங்கிக்கொண்டிருந்தாலும் "ரெண்டடி இருக்கும்" என்பார்கள். ஒரு குளிர்காலத்தில் பேரலை வந்து படகுத்துறையின் கூரையைக் கழற்றிக்கொண்டு போனது. அந்தக் கூரைக்கு அடியில் நின்றிருந்த மெர்வ் என்ற கிழவரிடம் பத்திரிகைக்காரர் பேட்டி எடுத்தார். "கொஞ்சம் ஈரமா இருந்துச்சு" என்றார் மெர்வ். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து பெயரவில்லை.

உள்ளதைக் குறைத்துச் சொல்கிறவன்தான் இங்கே மனிதன். கூட்டிச் சொல்கிறவனைவிடத் திருடன் மேல். பட்டப்பெயர்கூட எங்களுக்குத் தலைகீழாகத்தான் அமையும். வாசலில் குனிந்து நுழைகிற உயரக்காரருக்கு ஷார்ட்டி என்று பெயர். நாலு பேர் சேர்ந்தால் வாய் ஒட்டிக்கொள்கிற எனக்கு ரேடியோ.

ஷார்ட்டி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். போன வருடம் அவர் மீன்கண் லென்ஸ் ஒன்று வாங்கினார். வாங்கிய நாளே எங்கள் கடைக்கு எடுத்து வந்து காட்டினார். எங்கள் அம்மா மொரீன், கடற்கரைத் தெருவில் மீனும் சிப்ஸும் பொரித்து விற்கிறவள்.

"தண்ணிக்குள்ள இருந்து மீன் பாத்தா உலகம் எப்படித் தெரியுமோ, இதுல அப்படியே தெரியும் மொரீன்."

"எந்த மீன் வந்து உன்கிட்ட அப்படிச் சொல்லிச்சு?" என்றாள் அம்மா. "என்கிட்ட வர்றதெல்லாம் ஒண்ணும் பேசறதில்லையே."

அந்த லென்ஸுக்கு முன்னால் எதைக் கிட்டக் கொண்டுபோனாலும் ஊதிவிடும். நேராக இருப்பது வளைந்துவிடும். ஷார்ட்டி எங்கள் நாயை எடுத்தார். மூக்கு பூசணிக்காய் அளவு, உடம்பு சுண்டெலி அளவு. மாதா கோயிலை எடுத்தார், வாழைப்பழமாகக் குனிந்து நின்றது. கவுன்சில் தலைவியின் முகத்தைக் கிட்டப் போய் எடுத்தார். பேருந்து நிறுத்தத்துக்கு நிழற்கூரை கேட்டு ஷார்ட்டி கொடுத்திருந்த மனு அதோடு படுத்துவிட்டது.

"நேர்கோட்டை வளைக்கத் தெரியாதவன் கலைஞனே இல்ல" என்றார் ஷார்ட்டி.

ஒரு தொல்லை இருந்தது. அந்தக் கண்ணாடிக்கு முன்னாலிருப்பது, பக்கத்திலிருப்பது, கீழே இருப்பது எல்லாம் தெரியும். எடுக்கிறவரின் கால்கூடத் தெரியும். முதலில் அவர் எடுத்த அழகான சூரிய உதயங்கள் எல்லாவற்றிலும் ஓரத்தில் அவருடைய கட்டைவிரலும் உதித்திருந்தது. அதனால் ஓரங்களை வெட்டிவிட்டுத்தான் ஊருக்குக் காட்டுவார்.

அலைக்குள் போய்ப் படம் எடுக்க, கேமராவைத் தண்ணீர் புகாத பெட்டியில் அடைத்து, முன்னால் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு கண்ணாடி மாட்ட வேண்டும். அதில் நீர்த்துளி உருண்டு நின்றால் படம் போச்சு. எச்சில் பட்டால் துளி நிற்காது. ஆகவே உலகத்தில் அலைப்படம் எடுக்கிற எல்லோரும் அந்தக் கிண்ணத்தை நக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். ஷார்ட்டி கொஞ்சம் அதிகமாகவே நக்குவார். கரையில் நடக்க வருகிற பெண்கள் பிள்ளைகளைக் கைப்பிடித்து அந்தப் பக்கம் கூட்டிப் போய்விடுவார்கள்.

இந்தக் கதைக்குக் காரணமான படத்தை எடுத்த காலையில் நான் கரையில்தான் இருந்தேன், துண்டையும் நாயையும் பிடித்துக்கொண்டு. கடல் தூங்கிக்கொண்டிருந்தது. என் அண்ணன் டார்சி சும்மா பலகையை நனைக்கப் போனான். அவன் டைல்ஸ் ஒட்டுகிறவன், இருபத்திரண்டு வயது, அலைச்சறுக்கில் சுமார், நீச்சலில் அதைவிடச் சுமார். ஷார்ட்டி தண்ணீரில் முட்டி போட்டு உட்கார்ந்து, கிண்ணத்தை நன்றாக நக்கி, தண்ணீர் மட்டத்தில் நீட்டிப் பிடித்தார். ஒரு சின்ன அலை வந்தது. என் முட்டிக்கு வரும். அது சுருளும்போது டார்சி பலகைமேல் குந்தினான். கழிப்பறையில் உட்காருகிற மாதிரித்தான் குந்த முடிந்தது. அவ்வளவு தாழ்வான அலை. கேமராவின் மூக்குக்கு மேலேயே அது கவிழ்ந்தது.

மறுநாள் ஷார்ட்டி ஓரங்களை வெட்டிப் படத்தை இணையத்தில் போட்டார். நான் பார்த்தேன். பச்சைக் கண்ணாடியில் செய்த பெரிய மண்டபம். வானம் தெரியவில்லை, கூரைதான். அதன் நடுவில் எறும்பு அளவில் என் அண்ணன், சாவை எதிர்நோக்கிக் குந்தியிருந்தான்.

"இது யாரு?" என்றாள் அம்மா.

"நான்தாம்மா."

"நீ எப்ப இங்கெல்லாம் போன?"

பிறகு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கிராங்கி கெல்ப் என்று ரப்பர் உடை, பலகை எல்லாம் விற்கிற கம்பெனி. பேசியவள் டாம்சின், விளம்பரங்களுக்குப் பொறுப்பானவள். டார்சி பேச்சை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான்.

"டார்சி, அந்தப் படத்தைப் பாத்து எங்க ஆபீஸே எழுந்து நின்னுடுச்சு! சொல்லு, அலை எவ்ளோ பெருசு?"

டார்சி நல்லவன். உண்மையைச் சொன்னான். "முட்டியளவு."

அந்தப் பக்கம் வெடிச்சிரிப்பு. "முட்டியளவாம்! எல்லாரும் கேட்டீங்களா? எனக்கு இவன்தான் வேணும்!"

எங்கள் ஊர் வழக்கம் எங்களுக்கு மட்டும் தெரிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இந்தக் கடற்கரை முழுக்க அதே வழக்கம்தான் போலிருக்கிறது. நாற்பதடி அலையில் போனவன் நாலடி என்பான். நாலடி என்றால் நாற்பது. அப்படியானால் முட்டியளவு என்கிறவன் எப்படிப்பட்ட வீரனாக இருக்க வேண்டும்!

ஒரு பெட்டி நிறைய ரப்பர் உடைகளும் புதுப் பலகைகளும் வந்தன. டார்சிக்கு யார் முகத்துக்கு நேராகவும் மறுக்கத் தெரியாது. போட்டுப் பார்த்தான். அழகாகத்தான் இருந்தான். வந்த தாளில் கையெழுத்தும் போட்டான். அதற்குப் பிறகுதான் திட்டம் என்னவென்று டாம்சின் சொன்னாள். டாஸ்மேனியாவின் தென்கோடியில் ஒரு பாறை முனை. குளிர்காலப் புயலில் அங்கே அலை ஆழ்கடலிலிருந்து நேராக வந்து, அரையாள் ஆழம்கூட இல்லாத பாறைமேல் விழும். டார்சியை ஒரு மோட்டார் படகு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் அதற்குள் விட்டுவிடும். ஷார்ட்டி மாதிரி ஒருவர் மீன்கண்ணால் படம் எடுப்பார்.

டார்சி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"நான் செத்துருவேன் ரேடியோ" என்றான், உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து. "படகுல ஏறினாலே எனக்கு வாந்தி வரும். அது உனக்குத் தெரியும்ல?"

தெரியும். துறைமுகத்தைச் சுற்றிக் காட்டுகிற படகிலேயே அவன் வாந்தி எடுத்திருக்கிறான். அது கிளம்பவேகூட இல்லை.

"வரலன்னு சொல்லிடு."

"சொன்னேன். 'வரமாட்டானாம்!'னு சிரிச்சு, முதுகுல தட்டுற மாதிரி போன்லயே சத்தம் போட்டா. பயமா இருக்குன்னேன். பெரிய ஆளுங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்களாம்."

படப்பிடிப்பு ஏற்பாடு, விளம்பரம் என்று டாம்சின் நேரிலேயே ஊருக்கு வந்தாள். எங்கள் கடையில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றபடி அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"சின்ன வயசுலேர்ந்தே இப்படித் துணிச்சலா?"

"இவனா?" என்றாள் அம்மா. "குளியல் தொட்டியிலயே ஒரு தடவை மூழ்கப் பாத்தான்."

டாம்சின் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "குடும்பமே இப்படியா! அருமை!"

அப்போது டார்சி போய் ஷார்ட்டியைக் கையோடு இழுத்து வந்தான். வெட்டாத படத்தைக் காட்டச் சொன்னான். ஷார்ட்டிக்கு மனமில்லை. "ஓரத்த வெட்டினதுக்கு அப்புறம்தான்டா அது படம். அதுக்கு முன்னாடி அது வெறும் ஃபோட்டோ" என்றார். டார்சி விடவில்லை. கடைசியில் மடிக்கணினியைத் திறந்தார்.

வட்டமான படம். நடுவில் அந்தப் பச்சை மண்டபம். இடது ஓரத்தில் ஷார்ட்டியின் இரண்டு முட்டிகள், மணலில் ஊன்றியபடி. வலது ஓரத்தில் சிவப்பு வாளியோடு நிற்கிற குழந்தை. அலை அதன் இடுப்புக்குக்கூட வரவில்லை. அதற்குப் பின்னால் துண்டும் நாயுமாக நான்.

டாம்சின் படத்தை உற்றுப் பார்த்தாள்.

"வாளியோட ஒரு குழந்தையை ஒட்டிச் சேத்திருக்கீங்க!" என்றாள். "ஐயோ, உங்க கேலிக்கு அளவே இல்லையா! ஷார்ட்டி, இதை எனக்குக் குடு, பனியன்ல போடலாம்."

இது ஒட்டு வேலை இல்லை என்று ஷார்ட்டி சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார். தன் படம் ஆயிரம் பனியன்களில் போவது அந்த வாய்க்கு முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும். மூடிக்கொண்டார்.

என் முறை வந்தது என்று எனக்குத் தெரிந்தது. காது சூடாகிவிட்டது. "நிஜமா சின்ன அலைதான்" என்றேன். "நான் பாத்தேன்."

"பேசிட்டா!" என்றாள் அம்மா ஆச்சரியமாக.

டாம்சின் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "அண்ணனுக்கு ஏத்த தங்கச்சி" என்றாள்.

இதற்குள் ஊர் பொங்கிவிட்டது. பொங்கியது என்றால், எங்கள் ஊர் வழக்கப்படி. பப்பின் வாசலில் 'பரவாயில்லை டார்சி' என்று ஒரு துணி கட்டினார்கள். இதைவிடப் பெரிய பாராட்டு இங்கே கிடையாது, போர் வீரர் நினைவுத் தூணில்கூட இவ்வளவு எழுதவில்லை. அந்த அலை முட்டியளவு என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். கரையோரத்தில் அந்த இடத்தில் வருடம் முழுக்க அப்படித்தான் இருக்கும். ஆனாலும் படத்தைப் பார்த்துப் பார்த்து, அந்த ஒரு நாள் மட்டும் ஏதோ நடந்திருக்கிறது என்று நம்ப ஆரம்பித்துவிட்டார்கள். டார்சி மறுக்க மறுக்க நம்பிக்கை கூடியது.

"எவ்ளோ அடக்கம் பாரு" என்றார் மெர்வ். "முட்டியளவாம்."

டார்சியை வழியனுப்பப் பப்பில் விருந்து வைத்த நாளன்று மதியம், கிளென் டாப்செல் என்கிறவர் கடைக்கு வந்து சிப்ஸ் வாங்கினார். அவர் என்னவோ சொன்னார், அம்மா பதில் சொல்லாமல் பொட்டலத்தை நீட்டினாள். அவர் வெளியே போய், தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கடல்காகங்களோடு பகிர்ந்து சாப்பிட்டார். அந்த மனிதரோடு ஏன் ஒருவரும் பேசுவதில்லை என்று நான் சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "ஒரு தடவை பன்னெண்டடி அலையில போனேன்னு பப்ல சொன்னான்" என்றாள். "பொய்யா?" என்றேன். "நிஜம்தான். அதுக்காக? அதைச் சொல்லலாமா?"

நான் எண்ணெய் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினேன். டார்சி பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான்.

"சின்னதுன்னு சொல்லாத" என்றேன். "பெருசுன்னு சொல்லு."

"என்ன?"

"பெருமையடி. எல்லார் முன்னாலயும். இன்னைக்கே."

அவன் புரிந்துகொண்ட நேரம் எனக்குத் தெரிந்தது. முகம் வெளுத்துவிட்டது. பாறையைச் சொன்னபோதுகூட இவ்வளவு வெளுக்கவில்லை.

"ரேடியோ," என்றான், "நான் இந்த ஊர்லதானே இருந்தாகணும்?"

"முதல்ல உயிரோட இருக்கணும்ல. அதான்."

பப்பில் நிற்க இடமில்லை. டாம்சின் கேமராவை முக்காலியில் வைத்து நேரலையில் காட்டிக்கொண்டிருந்தாள். ஷார்ட்டி மீன்கண்ணோடு மேசைமேல் ஏறி நின்றார். அவர் தலை கூரையில் இடித்தது. பழக்கத்தில் லென்ஸை ஒரு தடவை நக்கிக்கொண்டார்.

"டார்சி, ரெண்டே வார்த்தை" என்றாள் டாம்சின். "அந்த அலையைப் பத்தி."

டார்சி தரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நாப்பதடி" என்றான்.

யாரோ தம்ளரை மேசைமேல் வைத்த சத்தம் கேட்டது.

"நாப்பதுன்னு சொன்னது குறைச்சல்தான். அம்பது இருக்கும். இந்த ஊர்ல வேற எவனும் அதுல கால் வெச்சிருக்க மாட்டான். நான் ஒருத்தன்தான் போவேன்." அவன் விரலை நீட்டிச் சுற்றிலும் காட்டினான். விரல் நேராக ஷார்ட்டியின் லென்ஸுக்குக் கிட்டே வந்தது. "உலகத்துலயே நான்தான் முதல் ஆளு. இப்பவே சொல்லிடறேன், எனக்கு ஒரு சிலை வைக்க வேண்டியிருக்கும் உங்களுக்கு."

பப்பில் எல்லோரும் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். நடுவீதியில் ஒருவன் துணியை அவிழ்த்துப் போட்டால் எப்படிப் பார்க்காமல் இருப்பார்களோ அப்படி. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உக்காருடா மகனே" என்றார் மெர்வ், மெதுவாக.

ஆனால் டாம்சின் சிரிக்க ஆரம்பித்தாள். "விளையாடுறான்! நம்ம எல்லாரையும் கேலி பண்றான்!" இரண்டொரு பேர் நிமிர்ந்தார்கள். ஆமாம், கேலியாகத்தான் இருக்கும் என்ற நிம்மதி முகங்களில் பரவியது. இன்னொரு நிமிடம் போனால் கைதட்டிவிடுவார்கள். டார்சி திரும்ப என்னைப் பார்த்தான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மெர்வ் சூழலைக் காப்பாற்ற நினைத்தார். "சரி சரி, பசங்களா. அடுத்த சுத்து யாருது? டார்சி, உன்னுதுதானே?"

டார்சி காலித் தம்ளரைப் பார்த்தான். அதுவரை நான்கு பேர் அவனுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். எல்லோருக்கும் வாங்கித் தர இப்போது அவன் முறைதான்.

"நான் எதுக்கு வாங்கணும்?" என்றான். குரல் உடைந்திருந்தது, ஆனாலும் சொல்லி முடித்தான். "என்னை மாதிரி ஆளுக்கு நீங்கதான் வாங்கித் தரணும்."

அவ்வளவுதான். இந்த நாட்டில் அதை வைத்து யாரும் விளையாடுவதில்லை. அப்பனைப் பற்றி, ஆண்டவனைப் பற்றி, செத்துப்போனவர்களைப் பற்றி எல்லாம் கேலி உண்டு. தன் சுற்றை வாங்காதது பற்றிக் கேலி கிடையாது. டாம்சினின் சிரிப்பு பாதியில் நின்றது. அவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தான்.

முதலில் வெடித்தவர் ஷார்ட்டி. "அம்பதடியா?" என்று மேசைமேலிருந்து கத்தினார். "முட்டியளவுடா! நான் முட்டி போட்டு எடுத்தேன்! உன்னைப் பெரிய ஆளாக்கினது என் லென்ஸ்டா!"

"முட்டியளவா?" என்றாள் டாம்சின்.

"ஆமா, முட்டியளவுதான்" என்றது பப் முழுதும். மெர்வ் சொன்னார், பரிமாறுகிறவள் சொன்னாள், அந்த வாளிக் குழந்தையின் அப்பாவும் சொன்னார். "என் பொண்ணு அதுல நின்னுக்கிட்டிருந்தா. நண்டு பிடிச்சிட்டிருந்தா." ஒரு மாதமாக டார்சியும் நானும் தொண்டை கிழியச் சொன்ன உண்மையை ஊர் ஒரே நிமிடத்தில் ஒப்புக்கொண்டது. டாம்சின் எழுந்து போய்க் கேமராவை அணைத்தாள். வாசலில் கட்டியிருந்த துணியை அன்று மாலையே யாரோ அவிழ்த்துவிட்டார்கள்.

டார்சியின் போக்கு கம்பெனியின் மதிப்பீடுகளோடு பொருந்தவில்லை என்று மறுநாளே தகவல் வந்தது. புதுப் பலகைகளைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஷார்ட்டி எடுத்த கடைசிப் படம் பப்பில் தொங்குகிறது. டார்சியின் விரல் பீரங்கிக் குழாய் மாதிரி படத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதன் நுனிக்கு அப்பால், எங்கேயோ, பட்டாணி அளவில் அவன் தலை. ஷார்ட்டியின் படங்களிலேயே பொய் இல்லாத படம் இதுதான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

டார்சியோடு யாரும் பேசுவதில்லை. தண்ணீரில் அவன் இறங்கினால் மற்றவர்கள் கொஞ்சம் தள்ளிப் போகிறார்கள். டைல்ஸ் வேலைக்குப் பக்கத்து ஊருக்குப் போகிறான். அவனுக்குப் புதுப் பட்டப்பெயரும் வைத்திருக்கிறார்கள்: அடக்கம். அம்மாவும் இந்த ஊர்க்காரிதான். வாடிக்கையாளர்கள் இருக்கும்போது அவனைப் பார்க்காத மாதிரிக் கரண்டியைத் துடைப்பாள். இது அவனும் நானும் போட்ட ரகசியத் திட்டம் என்று எத்தனையோ தடவை அவளுக்குச் சொல்லிப் பார்த்தேன். "தெரியுதுடி" என்பாள். "ஆனா சுத்து வாங்காம விட்டானே."

எங்கள் குளிர்காலமான ஆகஸ்டில் புயல் வந்தது. டாஸ்மேனியாவுக்கு டார்சிக்குப் பதிலாக வேறொருவனைக் கூட்டிப் போனார்கள். உண்மையாகவே பெரிய அலைகளில் போகிறவன், பல நாடுகள் பார்த்தவன். கடையில் ஆள் இல்லாத நேரம், அம்மா கைபேசியில் செய்தியை உரக்கப் படித்தாள். பாறைமேல் அடித்து நான்கு விலா எலும்புகள் நொறுங்கி, ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போனார்களாம். இனி பலகை ஏற முடியுமா தெரியாதாம். மருத்துவமனைப் படுக்கையில் கேட்டதற்கு அவன், "லேசா இடிச்சுக்கிட்டேன்" என்றானாம். நாடே அவனைக் கொண்டாடுகிறதாம்.

டார்சி பின்கட்டில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். கத்தி நின்றது.

அம்மா கைபேசியைக் கீழே வைத்தாள். மாவு ஒட்டிய கைகளோடு போய், அவன் சட்டைக்கு மேலேயே இரண்டு பக்கமும் விலாவைத் தடவிப் பார்த்தாள், மீனில் முள் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, மேலிருந்து கீழ்வரைக்கும். அப்புறம் பெரிய மீன் துண்டாக ஒன்றைத் தட்டில் வைத்து அவன் முன்னால் தள்ளினாள்.

"தின்னு" என்றாள். "தம்பட்டக்காரா."